ஆமிஷ் மக்களின் பருவ ஒழுங்கும் பழைய மரத் தச்சுத் தொழிலும்

நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தில் பிள்ளைகள் பெருகுகின்றனர், நிலம் பெருகுவதில்லை. அந்நிலையில் செய்யத்தக்கது யாது? இவ்வினா எல்லா நாட்டு உழவர்க்கும் பொதுவானது. நகரத்து ஆலைக்குச் சென்று கூலி பெறுவது ஒரு வழி. ஊரை விட்டு நீங்காமல் ஒரு கைத்தொழிலைக் கைக்கொள்வது மற்றொரு வழி. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் வாழும் ஆமிஷ் என்னும் மக்கட் கூட்டத்தாருள் மிகப் பலர் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டனர். அவர்கள் கைக்கொண்ட தொழில்களுள் தலையாயது தச்சுத் தொழிலாகும்.

இம்மாதப் பாடம் மூன்று செய்திகளை ஆராய்கின்றது. முதலாவது, அம்மக்களின் ஆண்டு எவ்வாறு பருவங்களையொட்டி நடைபெறுகின்றது என்பது. இரண்டாவது, உழவுத் தொழிலின் பக்கத்தில் தச்சுப் பட்டறை எவ்வாறு வளர்ந்தது என்பது. மூன்றாவது, இடிந்த பழங் கட்டடங்களின் மரத்தைக் கொண்டு மேசையும் அலமாரியும் செய்யும் முறை யாது என்பது. இறுதியில் சங்க அங்கத்தினர் கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள் தரப்பட்டுள்ளன.

1. இம்மக்கள் யாவர்?

ஐரோப்பாவில் 1525ஆம் ஆண்டில் சூரிச் நகரத்தில் ஒரு சமயச் சீர்திருத்தக் குழு தோன்றியது. அறிவு முதிர்ந்த பருவத்தில் ஒருவர் தாமே விரும்பிப் பெறும் திருமுழுக்கே முறையானது என்பது அக்குழுவினரின் கொள்கை. இதன் பொருட்டு அரசாங்கத்தாரும் திருச்சபையாரும் அவர்களைப் பெரிதும் துன்புறுத்தினர். பலர் ஒதுக்குப்புறமான மலைப்பகுதிகளில் தங்கிப் பயிர்த்தொழில் செய்து பிழைத்தனர். 1693இல் அவர்களிடையே பிளவு நேர்ந்தது. சபையின் ஒழுக்கத்தை மேலும் கண்டிப்பாகக் காக்க வேண்டும் என்று வற்புறுத்திய யாக்கோப் அம்மான் என்பாரைப் பின்பற்றியோர் தனிக் கூட்டமாயினர். அவர் பெயரினின்றே ஆமிஷ் என்னும் பெயர் பிறந்தது.

வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாக் குடியேற்றத்தில் சமய உரிமை இருந்தமையால், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு ஆமிஷ் குடும்பங்கள் அங்கே சென்று குடியேறின. லங்காஸ்டர் மாவட்டம் அவர்களின் பழம் பெருங் குடியிருப்பாயிற்று. பின்னர் 1808, 1809 ஆண்டுகளில் ஓஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டப் பகுதியிலும், 1841இல் இண்டியானா மாநிலத்தின் வடபகுதியிலும் குடியேற்றங்கள் தொடங்கின. ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசி ஆமிஷ் சபை 1937இல் மெனொனைட் சபையோடு இணைந்துவிட்டது. அமெரிக்காவிலோ, 1900ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,000 பேராக இருந்த அம்மக்கள், 2024இல் ஏறத்தாழ 4 லட்சம் பேராயினர். வீட்டில் பேசும் மொழி ஜெர்மன் மொழியின் ஒரு வழக்கு. வெளியாரிடம் பேசுவது ஆங்கிலம். சொந்தமாக மோட்டார் வண்டி வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியே அவர்தம் ஊர்தி.

2. கருவியை ஏற்பதும் விலக்குவதும்

இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. வழிபாட்டிற்கெனத் தனிக் கோயில் கட்டுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையன்று, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுகின்றனர். அமர்வதற்குரிய விசுப்பலகைகளை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வீடு கொண்டு செல்வர். சபைத் தலைவர் சபையினருக்குள்ளேயே சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றார். அவருக்குச் சம்பளம் இல்லை.

சபையார் எவ்வாறு உடுக்க வேண்டும், எக்கருவிகளைக் கையாளலாம் என்பவற்றை வகுக்கும் மரபுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். ஒழுங்கு என்பது அதன் பொருள். பெரும்பாலும் அஃது எழுதப்படாத சட்டம். அது சபைக்குச் சபை வேறுபடும். இம்மக்கள் எல்லா இயந்திரங்களையும் வெறுப்பவர் என்று எண்ணுவது தவறு. ஒரு புதுக்கருவி வந்தால், அது குடும்பத்தையும் அயலாரையும் ஒன்று சேர்க்குமா, பிரிக்குமா என்பதையே முதலில் ஆராய்கின்றனர். விலையும் வேகமும் அதற்குப் பின்னரே கருதப்படும்.

லங்காஸ்டர் சபைகளில் இதற்குரிய எடுத்துக்காட்டுகள் பல. 1919ஆம் ஆண்டையொட்டி, வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தை வீடுகளுக்கு இணைத்தல் கூடாது என்று முடிவு செய்தனர். மின்கலத்தை அன்று விலக்கவில்லை. டிராக்டரைக் களஞ்சியத்தின் அருகே நிறுத்தி, அதன் விசையைக் கொண்டு பிற இயந்திரங்களை ஓட்டலாம். வயலில் உழுவதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது. தொலைபேசி வீட்டினுள் இராது. பாதையோரத்தில் ஒரு சிறு கூண்டில் பல குடும்பத்தாருக்கும் பொதுவாக இருக்கலாம். அயலார் கண்ணுக்கு முரணாகத் தோன்றும் இவ்விதிகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. கருவி மனிதனுக்கு அடங்கி இருக்க வேண்டும். மனிதன் தன் அயலானை விட்டு அகலாதிருக்க வேண்டும்.

3. ஆண்டின் சுற்று

வசந்தம். பிப்ரவரித் திங்களின் இறுதியில் உறைபனி உருகத் தொடங்கும். மேப்பிள் மரங்களில் சாறு ஏறும் காலமும் அதுவே. ஓஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஜியாகா மாவட்டத்தில் ஆமிஷ் குடும்பங்கள் பல அச்சாற்றை வடித்துக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றன. ஏறத்தாழ 40 காலன் சாறு காய்ந்தால் ஒரு காலன் பாகு கிடைக்கும். லங்காஸ்டரில் இப்பருவத்தின் சிறப்பு 'சேற்றுச் சந்தை' என்னும் ஏலமாகும். பனி உருகி நிலம் சேறாகக் கிடக்கும் காலத்தில் நடைபெறுவதால் அப்பெயர் பெற்றது. ஊர்த் தீயணைப்புப் படைகளுக்குப் பொருள் திரட்டுவதற்காகவே இந்த ஏலங்கள் நடத்தப்படுகின்றன. கார்டன்வில் என்னும் சிற்றூரில் மார்ச்சு மாதம் நடைபெறும் ஏலம் பெரிதும் பெயர் பெற்றது. ஒட்டுத்துணிப் போர்வைகள், மரச்சாமான்கள், குதிரைகள், வண்டிகள், பழைய உழவுக் கருவிகள் ஆகியவை அங்கே ஏலம் விடப்படுகின்றன. ஆமிஷ் ஆடவர் பலர் அத்தீயணைப்புப் படைகளில் ஊதியமின்றித் தொண்டு செய்கின்றனர். தீயணைப்பு வண்டியை ஓட்டுவது மட்டும் பிறர் பொறுப்பு.

கோடை. உழவும் அறுவடையும் மிகுந்த காலம். இயேசுநாதர் விண்ணேறிய நாள் விடுமுறையாகக் கொள்ளப்படுகின்றது. அன்று பட்டறையும் ஏரும் ஓய, உறவினர் ஒருவரையொருவர் கண்டு மகிழ்வர். பெண்டிர் காய்கனிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் பதப்படுத்திக் குளிர்காலத்திற்குச் சேமிப்பர். இடியாலோ நெருப்பாலோ ஒருவருடைய களஞ்சியம் அழிந்தால், அயலார் நூற்றுக்கணக்கில் கூடி ஓரிரு நாட்களில் புதிய சட்டக்கூட்டை நிறுத்திவிடுவர். மரமும் ஆணியும் வாங்கும் செலவையும் சபையார் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களிடையே காப்பீட்டுக் கம்பெனிக்கு உரிய இடத்தை இவ்வுதவியே நிரப்புகின்றது.

இலையுதிர் காலம். ஆண்டின் உயிர்நாடி இப்பருவமே. ஆப்பிள் பழங்களைப் பெரிய கொப்பரைகளில் நெடுநேரம் கிளறிக் களியாகக் காய்ச்சுவர். லங்காஸ்டர் சபையார் அக்டோபர் 11ஆம் நாளைப் புனித மைக்கேல் நாளாகக் கொண்டு நோன்பு இருக்கின்றனர். திருவிருந்து ஆண்டில் இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடைபெறும். அதற்கு இரண்டு வாரம் முன்னர்ச் சபையார் அனைவரும் கூடி, ஓர்ட்னுங் விதிகளைக் கேட்டு, தமக்குள் பகை உளதா என்று உசாவுவர். மனவேறுபாடு தீராவிடின் திருவிருந்தே தள்ளிவைக்கப்படும். ஆண்டுக்கு இருமுறை ஊரார் தம் உறவைத் தாமே தணிக்கை செய்துகொள்ளும் ஏற்பாடு என்று இதனைக் கூறலாம்.

திருவிருந்து முடிந்த பின்னரே திருமணங்கள் அறிவிக்கப்படுகின்றன. லங்காஸ்டரில் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் முற்பகுதி வரை, அறுவடை முடிந்த காலத்தில், செவ்வாய், வியாழன் ஆகிய கிழமைகளில் மணம் நடத்துவது பழைய வழக்கம். இடைப்பட்ட நாட்கள் சமையலுக்கும் துப்புரவுக்கும் வேண்டப்படும். முந்நூறு, நானூறு விருந்தினர் மணமகள் வீட்டில் உண்பர். விருந்தில் செலரிக் கீரைத்தண்டு தவறாது இடம்பெறும். சமைத்தும் பரிமாறுவர், ஜாடிகளில் நட்டு மேசையை அணி செய்தும் வைப்பர். ஒரு வீட்டுத் தோட்டத்தில் செலரி வழக்கத்தினும் மிகுதியாக நடப்பட்டிருந்தால், அவ்வீட்டில் மணம் வரும் என்று அயலார் ஊகித்துக்கொள்வர். மக்கள்தொகை பெருகியதால் இலையுதிர் கால நாட்கள் போதாமல், அண்மைக் காலத்தில் வசந்தத்திலும் மணங்கள் நிகழ்கின்றன.

குளிர்காலம். கிறிஸ்துமஸ் நாளன்று அலங்கார மரமோ மின்விளக்கோ இராது. பள்ளிப் பிள்ளைகள் பாடல்களும் சிறு நாடகங்களும் நிகழ்த்துவர். பெற்றோர் சென்று காண்பர். டிசம்பர் 26ஆம் நாளை 'இரண்டாம் கிறிஸ்துமஸ்' என்று உறவினரோடு கொண்டாடுவர். சில குடியிருப்புகளில் ஜனவரி 6ஆம் நாள் 'பழைய கிறிஸ்துமஸ்' ஆகப் போற்றப்படுகின்றது. புதுமணத் தம்பதியர் வாரந்தோறும் உறவினர் வீடுகளுக்குச் சென்று தங்கிப் பரிசு பெற்று, வசந்தத்தில் தனிக்குடித்தனம் தொடங்குவர். லங்காஸ்டரில் உலர்ந்த புகையிலையைக் காம்பினின்று பிரிக்கும் வேலை குளிர்காலத்தது. பெண்டிர் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதும், ஆடவர் கருவிகளைப் பழுது பார்ப்பதும் இக்காலத்தில்தான். வயல் உறங்கும் இந்நாட்களில் தச்சுப்பலகை விழித்துக்கொள்கின்றது. புதுக்குடித்தனத்திற்கு வேண்டும் பெட்டி, அலமாரி, கட்டில் முதலியவற்றைப் பெற்றோர் அளிக்கும் வழக்கம் இருந்தமையால், மரவேலை அம்மக்களுக்குப் புதிய கலையன்று.

4. நிலம் சுருங்கியது, பட்டறை பெருகியது

ஆமிஷ் குடும்பத்தில் ஆறு, ஏழு பிள்ளைகள் இருத்தல் இயல்பு. அப்பிள்ளைகளுள் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் வளர்ந்தபின் சபையிலேயே சேர்கின்றனர். லங்காஸ்டர் மண் வளமிக்கது. பெருநகரங்களுக்கு அண்மையில் உள்ளது. ஆகவே மனைவியாபாரிகளும் அந்நிலத்திற்குப் போட்டியிட்டனர். 1970ஆம் ஆண்டிற்குப் பின்னர் நிலவிலை மிக உயர்ந்தது. ஏக்கர் ஒன்று 10,000 டாலருக்கும் மேற்பட்டு விற்கும்போது, எல்லா மைந்தர்க்கும் பண்ணை வாங்கித் தருவது தந்தைக்கு இயலாததாயிற்று. இன்று பெரிய குடியிருப்புகளில் பயிர்த்தொழிலை முழுநேரத் தொழிலாகக் கொண்ட குடும்பத் தலைவர் பாதிக்கும் குறைந்தவரே.

ஆலை வேலை ஒரு தீர்வாகத் தோன்றிற்று. எனினும் தந்தை காலையில் மதிய உணவுப் பெட்டியை ஏந்திக்கொண்டு வெளியேறி மாலையில் திரும்பும் வாழ்க்கையைச் சபைப் பெரியோர் அஞ்சினர். தந்தையின் பக்கத்தில் நின்று தொழில் கற்க வேண்டிய மகன் தனித்துவிடுவான் என்பது அவர்கள் கருத்து. இண்டியானாவின் வடபகுதியில் பலர் நடமாடும் வீட்டுவண்டிகள் செய்யும் ஆலைகளுக்குச் சென்றனர். நல்ல கூலியும் பெற்றனர். 2008, 2009 ஆண்டுகளில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியின்போது அவ்வாலைகள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வேலை இழந்தனர். ஒரே வாங்குவோரை நம்பிய தொழிலின் அபாயம் அன்று தெளிவாயிற்று.

வீட்டோரப் பட்டறை மற்றொரு தீர்வு. ஹோம்ஸ் மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கான மரச்சாமான் பட்டறைகள் எழுந்தன. பெரும்பாலானவை பத்துப் பேருக்குக் குறைந்த தொழிலாளரைக் கொண்டவை. ஒருவர் நாற்காலி மட்டும் செய்வார். மற்றொருவர் மேசைக்கால் கடைவார். வேறொருவர் மெருகு பூசும் வேலையை மட்டும் ஏற்பார். ஓர் உணவு மேசை மூன்று பட்டறைகளைக் கடந்து முற்றுப்பெறுதலும் உண்டு. சிறிய பட்டறைகள் பல ஒன்றுக்கொன்று துணையாகி, ஒரு பேராலையின் பணியை ஊர் முழுவதும் பரப்பி நடத்துகின்றன என்க.

மின்கம்பி இல்லாத பட்டறையில் அறுப்பு இயந்திரம் எவ்வாறு ஓடுகின்றது என்று அங்கத்தினர் வினவலாம். டீசல் எஞ்சின் ஒன்று வெளிக்கொட்டகையில் ஓடும். அதன் விசை, தரைக்கடியில் உள்ள நெடுந்தண்டின் வழியாகவும் தோல்வார்களின் வழியாகவும் இயந்திரங்களை அடையும். அன்றியும், அழுத்திய காற்றைக் குழாய் வழியாகச் செலுத்தித் துரப்பணம், தேய்ப்புக் கருவி முதலியவற்றை ஓட்டுவர். பெரிய இயந்திரங்களுக்கு எண்ணெய் அழுத்த விசையைப் பயன்படுத்துவர். கடையில் வாங்கிய இயந்திரத்தின் மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்றுமோட்டாரைப் பொருத்தித் தருவதே தொழிலாகக் கொண்ட ஆமிஷ் கம்மியரும் உளர். இப்போது சூரிய ஒளித் தகடுகளும் பல சபைகளில் இடம்பெற்றுள்ளன.

பிள்ளைகள் தொழில் பயில்வது பற்றி ஒரு சட்டச் சிக்கலும் எழுந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொள்ளும் உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அம்மக்களுக்கு ஏற்றுக்கொடுத்தது. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட சிறுவன் தந்தையின் பட்டறையில் பழக வேண்டும். ஆயினும் மரமறுக்கும் பட்டறைகளில் சிறுவர் வேலை செய்தலைத் தொழிற்சட்டம் தடுத்தது. சில பட்டறைகள் அபராதமும் செலுத்தின. 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. பெரியோரின் மேற்பார்வையில் அச்சிறுவர் பட்டறையில் பணி செய்யலாம். விசையால் ஓடும் மரவேலை இயந்திரங்களைத் தொடலாகாது என்பது திருத்தம். மரபு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகிய இரண்டில் எதனையும் முற்றக் கைவிடாமல் காண முயன்ற நடுவழி இது.

5. பழைய மரத்தின் அருமை

பட்டறைகளில் பெரிதும் பயன்படுவன ஓக், செர்ரி, மேப்பிள், ஹிக்கரி, வால்நட் ஆகிய புது மரங்களே. ஹிக்கரிக் கழிகளை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்யும் சாய்ந்தாடும் நாற்காலி அவர்தம் புகழ்பெற்ற பொருள்களுள் ஒன்று. இவற்றோடு, இடிக்கப்பட்ட பழைய களஞ்சியங்களினின்று எடுத்த மரத்தால் சாமான் செய்வதும் தனிக் கிளைத்தொழிலாக வளர்ந்துள்ளது.

பென்சில்வேனியாவின் பழைய களஞ்சியங்கள் மேட்டுச் சரிவில் கட்டப்பட்டவை. மேட்டுப் பக்கத்திலிருந்து வைக்கோல் வண்டி மேல்தளத்தில் நேரே நுழையும். கீழ்த்தளத்தில் கால்நடைகள் நிற்கும். இவ்வமைப்பு சுவிட்சர்லாந்து மலைப்பகுதியிலிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அவற்றின் தூணும் உத்தரமும் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கப்பட்டவை. இரும்பாணியின்றிப் பொளியும் கழுந்துமாக இணைத்து மரமுளை அடிக்கப்பட்டவை. வைக்கோல் கட்டு இயந்திரமும் பெரும் பண்ணை முறையும் வந்தபின், நாட்டின் பல பகுதிகளில் இக்களஞ்சியங்கள் பயனற்று நின்றன. கூரை ஒழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

அம்மரத்தைத் தேடி வாங்குவதற்குக் காரணங்கள் உள்ளன. பழங்காட்டில் நெருக்கத்தில் நின்று மெல்ல வளர்ந்த மரங்களுக்கு ஆண்டு வளையங்கள் நெருங்கியிருக்கும், வைரப்பகுதி மிகுதி. பல தலைமுறைக் காலம் உலர்ந்ததால் முறுக்கமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எல்லாவற்றினும் மேலான காரணம் செஸ்ட்நட் மரத்தின் கதையில் உள்ளது. அப்பலாச்சியன் மலைக்காடுகளில் பெருமளவில் நின்ற அம்மரம் அழுகலைத் தாங்கும், எளிதில் பிளக்கும். ஆதலின் உழவர் களஞ்சியத்திற்கும் வேலிக்கும் அதனையே நாடினர். 1904இல் நியூயார்க் நகர விலங்குச் சாலையில் அம்மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த அந்நோய், அரை நூற்றாண்டிற்குள் 300 முதல் 400 கோடி மரங்களை மடியச் செய்தது. வேர்களினின்று தளிர்கள் இன்றும் எழுகின்றன. பெருமரமாகும் முன் நோய் அவற்றை மீண்டும் கொல்கின்றது. ஆகவே அகன்ற செஸ்ட்நட் பலகை வேண்டுவோர் பழங் கட்டடத்தையே நாட வேண்டும். புழு துளைத்த சிறு துளைகளோடு கூடிய அப்பலகை, குறையே அணியாகப் பெற்றது.

6. களஞ்சியத்திலிருந்து மேசை வரை

முதற்படி பிரித்தெடுத்தல். கட்டடத்தைத் தள்ளி உடைத்தால் மரம் பிளந்துபோகும். கட்டியதற்கு எதிர்வரிசையில், கூரையோடு தொடங்கி, பக்கப் பலகை, கைமரம், உத்தரம், தூண் என்று இறக்குவதே முறை. மரத்தின் மேலுள்ள தடங்கள் அதன் வயதைக் கூறும். நேர்க்கோடான அறுப்புத் தடம் நீர்விசையால் மேலுங் கீழும் ஓடிய பழைய வாளினுடையது. வளைந்த தடம் 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட வாளினுடையது. கொல்லன் அடித்த ஆணி, தகட்டினின்று வெட்டிய ஆணி, கம்பி ஆணி என்னும் வரிசையும் அவ்வாறே காலத்தை உணர்த்தும்.

இரண்டாம் படி ஆணி களைதல். உலோகம் உணரும் கருவியைப் பலகையின் மீது நகர்த்தி, மறைந்துள்ள ஆணிகளையும் கண்டு பிடுங்க வேண்டும். ஒரு சிறு ஆணி வாளின் பற்களை முறித்துவிடும்; தொழிலாளியின் கண்ணுக்கும் தீங்காகும். புது மரத்தினும் பழைய மரப்பொருள் விலை மிகுதற்கு இவ்வுழைப்பு ஒரு காரணம்.

மூன்றாம் படி வண்ணத்தை ஆராய்தல். களஞ்சியத்தின் செந்நிறம் பெரும்பாலும் இரும்புக் காவியையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்தது. ஆயினும் பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. வீடுகளில் ஈய வண்ணத்தை அமெரிக்க அரசு 1978இல் தடை செய்தது. அத்தகைய மரத்தை உலர இழைத்தால் ஈயத்தூள் மூச்சில் ஏறும். சோதித்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

நான்காம் படி சூளையில் உலர்த்தல். இதற்கு இரு பயன்கள். மரத்தைப் பொடியாக்கும் வண்டுகளும் அவற்றின் முட்டைகளும் வெப்பத்தால் மடியும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும் என்பது, சரக்குப் பெட்டிகளின் மரத்திற்கென உலக நாடுகள் ஏற்ற அளவு. இரண்டாவது, ஈரத்தைச் சரி செய்தல். திறந்த களஞ்சியத்தில் நின்ற மரத்தில் நூற்றுக்கு 12 பங்கு அளவிலோ மேலாகவோ ஈரம் இருக்கும். குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய வீட்டினுள் வைக்கும் சாமானுக்கு 6 முதல் 8 பங்கே பொருத்தம். நூறாண்டு உலர்ந்த மரத்திற்குச் சூளை எதற்கு என்று கருதி இப்படியைத் தவிர்ப்போரின் மேசை முதற் குளிர்காலத்திலேயே வெடிக்கும்.

ஐந்தாம் படி இணைத்தல். மரம் நீளவாட்டில் அசைவதில்லை எனலாம். குறுக்குவாட்டில் பருவந்தோறும் விரிந்து சுருங்கும். ஆகவே மேற்பலகையைச் சட்டத்தோடு இறுகப் பிணித்தல் கூடாது. நீண்ட துளைகளில் திருகாணியிட்டு நகர இடம் விடுவர். மேசையின் இரு முனைகளிலும் குறுக்குப் பட்டை வைக்கும்போது நடுவில் மட்டும் பசையிட்டு ஓரங்களை நெகிழ விடுவர். கால்களைச் சட்டத்தோடு பொளியும் கழுந்துமாகப் பொருத்துவர்.

இறுதிப்படி மெருகு. வாய்ச்சித் தடத்தையும் ஆணிக் கறையையும் முற்ற இழைத்துவிட்டால் பழமை போய்விடும். இழைக்காது விட்டால் சிராய் கையில் ஏறும். எவ்வளவு விடுவது, எவ்வளவு எடுப்பது என்னும் தெளிவே இத்தொழிலின் நுட்பம்.

7. பெயரும் விலையும்

தச்சரில் பலர் தாமே நகரத்தில் கடை வைப்பதில்லை, விளம்பரமும் குறைவு. வெளியூர் வியாபாரிகள் மொத்தமாக வாங்கி விற்கின்றனர். இதில் இரண்டு அபாயங்கள் உண்டு. சந்தையின் போக்கை வியாபாரியே அறிவார், தச்சர் அறியார். அடுத்தது, ஆமிஷ் என்னும் சொல்லே விற்பனைக் கருவியாகிவிட்டது. அம்மக்கள் எல்லோருக்கும் பொதுவான சான்று முத்திரை எதுவும் இல்லை. ஆகவே அப்பெயரின் நிழலில் அயலார் பொருளும் விலைபோகின்றது. புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்துச் சாயம் பூசிப் பழைய மரம்போல் ஆக்குவாரும் உளர். விசைத்தறித் துணி கைத்தறி என்று விலைபோவதைக் கண்டுள்ள நெசவாளர்க்கு இக்குறையை விளக்க வேண்டுவதில்லை. அதன் பொருட்டே நம் நாட்டில் 2006இல் கைத்தறி முத்திரை ஏற்படுத்தப்பட்டது.

மற்றொரு கேள்வியும் உண்டு. பழைய மரத்திற்கு நல்ல விலை கிடைப்பதால், இன்னும் நூறாண்டு நிற்கக்கூடிய களஞ்சியத்தையும் பிரித்து விற்கும் ஆசை எழலாம். சாய்ந்ததை எடுத்துப் பயன்படுத்துதல் சிக்கனம். நிற்பதைச் சாய்த்து விற்பதோ முதலை விழுங்குவதாகும். பழைய களஞ்சியங்களின் தொகை வரம்புடையது. ஒருமுறை எடுத்தது மீண்டும் விளைவதில்லை. ஆதலால் அம்மரம் ஒன்றையே நம்பி ஊர் முழுதும் தொழில் நடத்த இயலாது. புது மர வேலையின் பக்கத்தில் அதனை ஒரு கிளையாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

உழவராகிய ஆமிஷ் மக்கள் கூட்டுமுறை விற்பனையிலும் பங்கு கொண்டுள்ளனர். 1988இல் விஸ்கான்சின் மாநிலத்தில் இயற்கை உரப் பயிர் செய்வோர் கூடித் தொடங்கிய கூட்டுறவு நிறுவனத்தில், ஆமிஷ் பால் உற்பத்தியாளர் பலர் அங்கத்தினராயினர். லங்காஸ்டரில் உள்ள லியோலா ஏலக்களத்தில் காய்கறி விளைவிப்போர் தம் பொருளைக் குதிரை வண்டியில் கொணர்ந்து, கூடியுள்ள கடைக்காரர் முன்னிலையில் விலை கூறச் செய்கின்றனர். சிறு விளைவும் ஓரிடத்தில் திரண்டால் பெரிய வாங்குவோரை ஈர்க்கும் என்பதற்கு இவை சான்று.

8. நாம் கொள்ளத்தக்கவை

அவர்தம் சமயமும் உடையும் அவர்க்கே உரியன. சங்க அங்கத்தினராகிய நாம் கருதத்தக்கவை வேறு. கருவியை வாங்கும் முன் அதனால் ஊருக்கு விளைவது யாது என்று கூடி ஆராய்தல் முதலாவது. வயல் ஓய்ந்த காலத்தை வீணாக்காது கைத்தொழிலுக்கு ஒதுக்குதல் இரண்டாவது. ஒரே வாங்குவோரைச் சார்ந்திராமை மூன்றாவது. தம் பொருளின் பெயரைத் தாமே காத்தல் நான்காவது. ஆண்டிற்கு இருமுறையேனும் கணக்கை மட்டுமின்றி, அங்கத்தினரின் உறவையும் சரிபார்த்தல் ஐந்தாவது.

மேற்கூறியவற்றுள் நான்காவதில் ஆமிஷ் தச்சரும் இன்னும் வெற்றி பெற்றிலர். பிறர் கைக்குப் போய்விட்ட பெயரை மீட்பது கடினம். கையிலிருக்கும்போதே காப்பது எளிது.

அங்கத்தினர் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. டிராக்டரைக் களஞ்சியத்தருகே ஏற்று, வயலில் விலக்கிய முடிவின் கருத்து யாது? நம் தொழிலில் அவ்வாறு ஓரளவுக்கு மட்டும் ஏற்கத்தக்க கருவி எது?

2. ஆலைக்கூலி மிகுதியாயினும் வீட்டோரப் பட்டறையைச் சபைப் பெரியோர் விரும்பியது ஏன்? அதனால் நேரும் நட்டங்கள் யாவை?

3. ஒரு மேசையை மூன்று பட்டறைகள் பகிர்ந்து முடிப்பதுபோல், நெசவில் எவ்வேலைகளை அங்கத்தினர் பகிர்ந்துகொள்ளலாம்?

4. 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சிறுவரின் நலனைப் போதிய அளவு காத்ததா? இரு பக்கக் காரணங்களையும் கூறுக.

5. பழைய மரத்தை ஆறு படிகளில் பக்குவப்படுத்தும் முறையில், ஒரு படி தவறினால் விளையும் கேடு யாது?

6. நம் சங்கத்தின் முத்திரையை வாங்குவோர் அறிந்துள்ளனரா? அறியாராயின் அடுத்த பொதுக்கூட்டத்திற்குள் செய்யத்தக்கது யாது?